பாலத்துக்கு மரண அறிவித்தல் வாசித்தவர்

மட்டக்களப்பில் அறிவித்தல் அண்ணன் சொல்லாமல் ஒருவரும் செத்ததில்லை. செத்திருக்கலாம், எங்கள் ஆட்கள் நம்பியதில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் கையை விரித்து, வீட்டில் எல்லோரும் குழறி அழுது, வாசலில் வெள்ளைக்கொடி கட்டிய பிறகும், “இன்னும் அண்ணன்ட ஓட்டோ வரல்லியே, பொறு பாப்பம்” என்று செத்த வீட்டுக்குப் போடும் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவர் வீடு அமிர்தகழியில், எங்கள் வளவுக்கு அடுத்த வளவு. ஓட்டோவின் கூரையில் வாய் விரிந்த இரண்டு ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டு, தெருத் தெருவாகப் போய் ஊருக்குச் செய்தி சொல்வதுதான் தொழில். கோயில் திருவிழா, இரத்ததான முகாம், காணாமல்போன பசுமாடு, மாதர் சங்கக் கூட்டம் எல்லாம் சொல்வார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மரண அறிவித்தல். தெற்கே செட்டிபாளையம், வடக்கே வாழைச்சேனை வரைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட என்று அவர் தொடங்கினால், கறி கிண்டிக்கொண்டிருக்கும் பெண்கள் அகப்பையும் கையுமாக வேலிக்கு வந்துவிடுவார்கள். ஆளைப் பார்த்தால் காய்ந்த நெத்தலி. அந்த உடம்புக்குள் அவ்வளவு குரலை எங்கே மடித்து வைத்திருந்தாரோ தெரியாது. அவருடைய சொந்தப் பெயரும் எங்களுக்குத் தெரியாது. அடையாள அட்டையில் இருந்திருக்கும்.

சிரிப்பாக எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடைசி வரைக்கும் அப்படியே எழுத முடியுமோ என்பது எனக்கே சந்தேகம்.

தொழில் அவரை நன்றாகக் கெடுத்து வைத்திருந்தது. வீட்டிலும் அவருக்கு சாதாரணமாகக் கதைக்க வராது. விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு தொடங்குவார்: “அன்பார்ந்த இல்லத்தரசி அவர்களுக்கோர் அறிவித்தல். இன்று மாலை நான்கு மணியளவில் இவ்விடத்தில் நடைபெறவிருந்த தேநீர் வைபவம் இதுவரை ஆரம்பமாகவில்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம்.” குசினிக்குள்ளிருந்து மதினியின் குரல் வரும்: “சீனி முடிஞ்சி. வைபவத்த நாளைக்கு வையுங்க!”

எதையும் இரண்டு தரம் சொல்லுவார். இரண்டாம் தரம் சொல்லும்போது மூன்றடி தள்ளிப்போய் நிற்பார். ஓட்டோ நகர்ந்து நகர்ந்து பழகிய வாய். மீன் சந்தையில் “திரளி என்ன விலை?” என்று கேட்டுவிட்டு, நாலு எட்டு நடந்து, அடுத்த கடைக்கு முன்னால் நின்று அந்தக் கடைக்காரனிடம் அதையே மறுபடி கேட்பார். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று “தாயும் சேயும் நலம்” என்று அறிவித்தார். ஒரு தரம் சொன்னபோது தாதிமாருக்குப் பெரியவரான மேற்றன் சிரித்தாராம். மீண்டும் அறியத்தருகிறோம் என்று தொடங்கியபோது வெளியே பிடித்து விட்டுவிட்டார்கள்.

தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவர்தான் குரல். காலையில் ஒருவருக்கு, மத்தியானம் மற்றவருக்கு, பின்னேரம் இருவருக்கும் பொது எதிரியான மூன்றாமவருக்கு. ஒரு முறை மத்தியான வெயிலில் ஆள் மாறிவிட்டது. தெருவின் தலைப்பில் ஒருவருக்கு வாக்குக் கேட்டவர், தெருவின் முடிவில் அவரைத் தோற்கடிக்கச் சொன்னார்.

“என்ன அண்ணே, இப்பிடிச் செய்திட்டீங்களே?” என்றேன்.

“அவங்க கட்சி மாறுறதுக்கு அஞ்சு வருசம் எடுக்குறாங்க தம்பி. நான் அஞ்சு நிமிசத்தில மாறினன். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றார்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போது நான் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். பகல் முழுக்கக் கோப்புகளில் ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று எழுதிவிட்டு, இரவில் நகைச்சுவைக் கதை எழுதுவேன். கதைகள் போன வேகத்தில் திரும்பி வரும். இந்தப் பத்திரிகையும் இரண்டு கதைகளைத் திருப்பி அனுப்பியது. ஆசிரியருக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. ஆகவே, என்னுடைய பகிடிக்கு யாராவது சிரிக்க மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதனுக்குப் பக்கத்து வளவில், ஊரே காது கொடுக்கும் ஒரு குரல் குடியிருந்தது. நடந்ததற்கெல்லாம் காரணம் அதுதான்.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர் வரிசை வாவிக்கரை வரைக்கும் நீண்டு கிடந்தது. அண்ணனின் ஓட்டோவுக்குள் அவரும் நானும். மின்சாரமும் இல்லை. நுளம்பு மட்டும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது. இரண்டாம் நாள் இரவு முன்னால் நின்ற இரண்டு பேர் இடத்துக்குச் சண்டை பிடித்தார்கள். அண்ணன் மைக்கை எடுத்தார். “மத்திய கிழக்கைப் பிறப்பிடமாகவும், பவுசர் வண்டியை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் பெட்ரோல் அவர்கள் கொழும்பிலேயே காலமாகிவிட்டார். பூதவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட மாட்டாது என்பதை உற்றார், உறவினர், மோட்டார் சைக்கிள்காரர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்!”

சண்டை பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வரிசையின் கடைசியிலிருந்து “அண்ணே, இன்னொருக்கா!” என்று சத்தம் வந்தது. யாரோ ஒரு பொடியன் அதைப் போனில் எடுத்து ஏற்றிவிட்டான். விடியும்போது கனடாவிலிருந்து ஆட்கள் கேட்கிறார்கள், அடுத்தது எப்போது என்று.

அப்படித்தான் ‘பத்தரை மணி அறிவித்தல்’ பிறந்தது. வெள்ளிக்கிழமை தோறும் இரவு பத்தரைக்கு, வாவிக்கரையில் ஓட்டோவை நிறுத்தி, போனை ஒரு கம்பில் கட்டி நேரலை. வீட்டில் செய்யலாமென்றால் மதினியின் தொடர் நாடகம் முடியும் வரை அந்த வீட்டில் வேறு எவரும் அழவோ சிரிக்கவோ முடியாது. பின்னால் திரைக்கு மதினியின் மயில் போட்ட சேலை. மேலுக்கு ஒரு பறங்கி மேசன் தன் கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு, இரவல். கீழே சாரன். கமெரா இடுப்புக்குக் கீழே இறங்காது என்பதால் நாட்டுக்கு அது தெரியாது. பேச்சுக்கு நடுவே அடிக்கடி தன் கன்னத்தில் தானே அறைவார். அரசியலை நினைத்து வெட்கப்பட்டு அடிக்கிறார் என்று வெளிநாட்டு ரசிகர்கள் உருகினார்கள். அது நுளம்புக்கடி.

எழுதிக் கொடுப்பது நான். அலுவலகத்தில் கழித்துப் போட்ட படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். அரச உத்தியோகத்தன் அரசியல் பேசக்கூடாது என்று விதி இருப்பதால், என் பெயர் எங்கும் வரக்கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். “என்ட வாயிலிருந்து வராது தம்பி” என்றார். ஊருக்கே செய்தி சொல்கிற வாய் அது. அதில் சத்தியம் வாங்கினேன் பாருங்கள்.

என் எழுத்து அவர் வாயில் விழுந்ததும் வேறு ஒன்றாகிவிடும். தொடர் நாடகத்தைப் பற்றி ஒரு வெள்ளிக்கிழமை: “மருமகள் அவர்கள் அழத் தொடங்கி இன்றுடன் நான்கு வருடம். அந்தத் தண்ணீரை எங்கட வயல் வட்டைக்குத் திருப்பி விட்டால் ரெண்டு போகம் வெள்ளாமை செய்யலாம் என்பதை நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு அறியத்தருகிறோம்.” பெரிய நடிகரின் படம் வந்தபோது: “கதாநாயகன் அவர்கள் இடைவேளைக்கு முன் நூற்றியிருபது பேரை அடித்துள்ளார். காயப்பட்டோரைத் தயவுசெய்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டாம், பஞ்சு இல்லை.” நான் எங்கள் வீட்டு இருட்டில் போனை வைத்துக்கொண்டு, யார் யார் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பக்கத்துக் கட்டிலில் அம்மா. அம்மாவுக்கு எண்பதாகிவிட்டது. நான்தான் எழுதுகிறேன் என்று அவவுக்கும் சொல்லவில்லை. “இந்தப் பொடியன் என்ன கெட்டித்தனமாக் கதைக்கிறான் பாருகா” என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பா. அறுபது வயதுப் பொடியன்.

நிகழ்ச்சியின் முடிவில் எப்போதும் ஒரு மரண அறிவித்தல் இருக்கும். அதற்காகவே ஆட்கள் விழித்திருப்பார்கள். “மேடையைப் பிறப்பிடமாகவும் சுவரொட்டியை வசிப்பிடமாகவும் கொண்ட செல்வி வாக்குறுதி அவர்கள் தேர்தலுக்கு மறுநாள் அகால மரணமானார். அன்னார் காலஞ்சென்ற நேர்மை, வெட்கம் தம்பதிகளின் அன்புப் பேத்தி ஆவார்” என்று வாசித்த இரவு நான் போர்வையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இதில் அண்ணனுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒன்றே ஒன்றுதான். பொருட்களைச் சாகடிக்கலாம்: பெட்ரோல், சீனி, சம்பளம், வாக்குறுதி. உயிரோடிருக்கிற மனிதரையோ, அவர்களுடைய உறவையோ அந்த அறிவித்தலுக்குள் கொண்டுவரக் கூடாது. “மத்ததெல்லாம் பகிடி தம்பி. இது என்ட சோறு. பகல்ல இதே வாயாலதான் ஆக்களிட அம்மா, அப்பாவச் சொல்லுறன்” என்பார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பாலம் வந்தது. அதாவது, வரவில்லை. எங்கள் பக்கத்து அரசியல்வாதி ஒருவர் வாவிக்குக் குறுக்கே பாலம் போட்டுத் தருவதாக மூன்று தேர்தல்களில் சொல்லி, மூன்று முறை அடிக்கல் நாட்டியிருந்தார். ஊர் அவரைப் பாலத்து ஐயா என்றுதான் சொல்லும். மூன்று கல்லும் கரையில் வரிசையாக நிற்கின்றன. ஆடுகள் முதுகு சொறிய நல்ல வசதி. சனங்கள் இன்றைக்கும் தோணியில்தான் போகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஐயா நெஞ்சில் கை வைத்து, “இந்தப் பாலம் எனக்கு மூத்த பிள்ளை மாதிரி” என்பார். இதைக் கேட்டுவிட்டு என் பேனா சும்மா இருக்குமா?

அந்த வெள்ளிக்கிழமை நான் கொடுத்த தாளை அண்ணன் ஓட்டோ வெளிச்சத்தில் வாசித்தார். முகம் மாறியது.

“தம்பி, இந்த வரி வேணா.”

“எது அண்ணே?”

“‘ஐயா அவர்களின் மூத்த பிள்ளை’ எண்டு போட்டிருக்காய். பாலம் செத்துப்போச்செண்டு சொல்லுவம். பிள்ள எண்டு வேணாம். அந்தாளுக்கு உண்மையா ஒரு மூத்த பொடியன் வெளிநாட்டில இரிக்கான்.”

“அவரே பிள்ளை பிள்ளை எண்டு சொல்லுறார் அண்ணே. அந்த வரிலதான் பகிடியே இரிக்கி. அத எடுத்தா என்ன மிஞ்சும்? பயமா உங்களுக்கு?”

அந்தக் கடைசிச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. பயந்த ஆள் அல்ல அவர். ஆனால் நான் ஒரு வாரமாக அந்த வரியை மெருகேற்றிக் கொண்டிருந்ததும், பத்திரிகைகள் எல்லாம் திருப்பி அனுப்பிய என் பகிடிக்கு அந்த ஒரு மேடைதான் கிடைத்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். “நல்லாத்தான் எழுதியிருக்காய்” என்று கோட்டை மாட்டினார். எனக்காகத்தான் வாசித்தார்.

“மேடைப் பேச்சைப் பிறப்பிடமாகவும், வாவிக்கரையை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் பாலம்” என்று தொடங்கி அவர் வாசித்தபோது போன் திரையில் சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. “ஐயா அவர்களின் பாசமிகு மூத்த பிள்ளை நேற்று மாலை காலமானார். ஈமக்கிரியைகள் நாளை காலை ஐயா இல்லத்தில் நடைபெறும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.” என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை, சந்தோசத்தில்.

எந்தப் புண்ணியவானோ பாலம் என்ற தலைப்பகுதியை வெட்டிவிட்டுக் கடைசித் துண்டை மட்டும் வாட்சப் குழுக்களில் போட்டுவிட்டான். அது ஐயாவின் ஊர் மரணாதாரச் சங்கத்தின் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. மரணாதாரச் சங்கம் என்பது ஊரில் சாவு விழுந்தால் கதிரை, கூடாரம், தேத்தண்ணிப் பானையோடு முதலில் போய் நிற்கிற சங்கம். வேறு யாரும் சொல்லியிருந்தால் போன் எடுத்து விசாரித்திருப்பார்கள். அண்ணனின் குரல் அல்லவா? அந்தக் குரல் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. விடிய ஐந்து மணிக்கு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் நூறு கதிரையை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார்கள். தெருவில் வெள்ளைக்கொடி கட்டிவிட்டார்கள்.

ஐயா பெனியனோடு வெளியே வந்தார். வாசலில் கூடாரம், நூறு கதிரை, வெள்ளை உடுப்போடு சனம். மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. கூட்டம் தானாகச் சேர்ந்ததை அவர் ஆயுளில் அன்றுதான் காண்கிறார். உள்ளே ஓடிப்போய்ச் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்து கும்பிட்டார். “என் அன்பு மக்களே! உங்கட அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வன்? இந்தப் பாலம் என்ட மூத்த பிள்ள” என்று தொடங்கியதுதான் தாமதம், ஒரு பெண் “ஐயோ, என்ட மூத்த கிளியே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் காலடியில் விழுந்தாள். இன்னும் பத்துப் பேர் சேர்ந்து குழறினார்கள். பாலத்துக்கு இவ்வளவு அழுகையா என்று ஐயாவுக்கே கண் கலங்கிவிட்டதாம்.

இதுவரைக்கும் சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் வயிறு நோகச் சிரிப்பார்கள். நானும் பல நாள் இந்த இடத்தோடு கதையை நிறுத்தியிருக்கிறேன்.

உள்ளே குசினியில் ஐயாவின் மனைவி இருந்தா. வெளியே மூத்தவனைச் சொல்லிச் சனம் அழுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி ஓடிவந்து கட்டிப்பிடித்து, “அறிவித்தல் அண்ணனே சொல்லிட்டார்கா” என்றிருக்கிறாள். அந்தத் தாய் மகனுக்குப் போன் அடித்தா. அவன் வெளிநாட்டில் இரவு வேலை. போனை நிறுத்தி வைத்திருந்தான். அவன் வேலை முடிந்து வெளியே வந்து “என்னம்மா?” என்று கேட்கும் வரைக்கும் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலமும் அவவைப் பொறுத்தவரை பிள்ளை செத்துப் போயிருந்தான். அது நான் எழுதிய வரி.

பத்து மணிக்குப் பொலிஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? வீட்டில் எல்லோருக்கும் சுகமில்லை என்று அறிவித்துவிட்டு, கட்டிலில் போர்த்துக்கொண்டு கிடந்தேன். உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது.

பொலிஸில் நடந்ததை அண்ணன்தான் பிறகு சொன்னார். வாங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் தாள் அவருடைய சட்டைப் பையில். முன்பக்கம் என் அலுவலக முத்திரை, பின்பக்கம் என் கையெழுத்து. பொறுப்பதிகாரி வருவதற்குள் அண்ணன் அந்தத் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, வெற்றிலையோடு சேர்த்து மடித்து, வாயில் போட்டு மென்றுவிட்டார்.

“ஆர் எழுதித் தாற?” என்று பொறுப்பதிகாரி கேட்டாராம்.

வாய் நிறைய வைத்துக்கொண்டு, “நான்தான் சேர்” என்றாராம் அண்ணன். “எல்லாம் நான்தான்.”

எச்சரித்து, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர் பொலிஸிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே ஐயா வீட்டுக்குப் போய், அந்தத் தாயின் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார். ஐயா திட்டிய திட்டெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாராம். பின்னேரம் என் கட்டிலடிக்கு வந்து நின்றார். நான் போர்வைக்குள்ளிருந்து எழும்பவே இல்லை.

“மை சரியான கசப்புத் தம்பி. இனிப் பென்சிலால எழுது” என்றார். “அந்த மனிசிட முகத்த நீ பாக்கல்ல. பாக்காததும் நல்லதுதான்.” அவ்வளவுதான். ஒரு சொல்லாலும் என்னைக் குறை சொல்லவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கோட்டுப் போடாமல் நேரலையில் வந்தார். மன்னிப்புக் கேட்டார். “உயிரோட இருக்கிற பிள்ளையச் செத்ததாச் சொல்லிப்போட்டன். பிழை. இனி இந்த நிகழ்ச்சி இல்ல” என்றார். கண்ணீரைத் துடைத்தார். திரையில் சிரிப்புப் பொம்மைகள் பறந்தன. “அண்ணன் இண்டைக்கு நடிப்பில பிச்சு உதறிட்டார்” என்று ஒருவன் எழுதியிருந்தான்.

நான் அப்போது அதை நினைக்கவில்லை. என் வேலை போய்விடுமோ என்றுதான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டிருந்தேன். மகளின் கலியாணம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அண்ணனின் சோறு போய்க்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எங்கள் பகுதியில் ஒரு வாத்தியார் இறந்துபோனார். உண்மையாகவே இறந்துபோனார். அண்ணன் வழமைபோல் ஓட்டோவில் போனார். “அமிர்தகழியைப் பிறப்பிடமாகவும்” என்று தொடங்கியதுமே சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைக்குள்ளிருந்து ஒருவன், “அண்ணே, இண்டைக்கு ஆர்? தேங்காயெண்ணெயா?” என்று கத்தினான். அண்ணன் மறுபடி சொன்னார். சிரிப்பு இன்னும் கூடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓட்டோவுக்குப் பின்னால் ஓடின.

வாத்தியாரின் மகள் வீட்டுக்குள்ளிருந்து தலைவிரி கோலமாக ஓடிவந்து ஓட்டோவை மறித்தாள். “அங்கிள், போதும். தயவுசெய்து நிப்பாட்டுங்க. எங்கட அப்பாவ வச்சுச் சிரிக்காங்க.”

நான் சைக்கிளோடு அந்தச் சந்தியில்தான் நின்றேன். அவர் மைக்கைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். மெதுவாகத்தான் வைத்தார். அந்தப் பிள்ளையைக் கும்பிட்டுவிட்டு ஓட்டோவைத் திருப்பினார். அந்த நேரத்தில் நான் நடுச்சந்தியில் ஏறி நின்று, “டேய், அத எழுதினது நான்! இந்த மனிசன் வேணாம் எண்டவர்!” என்று கத்தியிருக்க வேண்டும். சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஸ்பீக்கர் இரண்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். ஓட்டோவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். இப்போது ஊரில் சாவு விழுந்தால் ஒரு வேன் வருகிறது. கணினியில் பதிவு செய்த ஒரு பெண்குரல், பின்னால் சோகமான புல்லாங்குழல். எல்லாப் பெயரையும் ஒரே மாதிரித்தான் சொல்கிறது. அண்ணன் வீட்டிலும் சத்தமில்லை. “இந்த மனிசன் இப்ப எல்லாரையும் போல ‘தேத்தண்ணி தா’ எண்டுதான் கேக்கார். எனக்கு அத ஊத்தவே மனமில்ல” என்று மதினி ஒரு நாள் வேலியடியில் நின்று என்னிடம் அழுதா. எனக்குத்தான் சொன்னா, பாருங்கள். என்னிடம்தான் ஆறுதல் தேடினா.

போன மாரியில் எங்கள் அம்மா போய்விட்டா. அடைமழை. ஒழுங்கைகளுக்குள் முழங்கால் அளவு வெள்ளம். மருமக்கள் அந்த வேனை வாடகைக்குப் பேசினார்கள். அது பெரிய தெருவில் நின்று இரண்டு தரம் புல்லாங்குழல் ஊதிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. இந்த மழையில் யாருக்குக் கேட்டிருக்கும், யார் வரப்போகிறார்கள் என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் பார்த்தால் சனம் வருகிறது. சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, குடைக்குள் இரண்டு பேர் மூன்று பேராக, உள் ஒழுங்கைகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

“உங்களுக்கு ஆர் சொன்ன?” என்று கேட்டேன்.

“அறிவித்தல் அண்ணன் வந்து சொன்னவர். வீடு வீடா வாறார். நடந்து” என்றார் ஒருவர். “எங்களுக்கு முன் வீட்டில ஒரு பொடியன் சிரிச்சிட்டான், பகிடியெண்டு நினைச்சு. அண்ணன், அவன் சிரிச்சு முடியுமட்டும் மழைக்குள்ள பாத்துக்கொண்டு நிண்டார். மறுகா, ‘உண்மையாத்தான் மனே சொல்லுறன், அந்த அம்மா போயிட்டா’ எண்டு திருப்பிச் சொன்னார்.”

எத்தனை வாசலில் அப்படி நின்றாரோ தெரியாது. இருட்டும் நேரத்தில்தான் வந்தார். உடம்பெல்லாம் ஈரம், உதடு நீலம். கூடாரத்தின் கடைசிக் கதிரையில் ஓரமாக உட்கார்ந்தார். நான் போய் அவர் காலடியில் குந்தினேன். அம்மா செத்த பிறகு எனக்கு முதன்முதலில் அழுகை வந்தது அங்கேதான்.

“அண்ணே, இப்ப எழும்பி எல்லாருக்கும் சொல்லப்போறன். அந்த வரி என்ட. நீங்க வேணாம் எண்டனீங்க, நான்தான் கேக்கல்ல. எல்லாரும் இரிக்காங்க, இப்பவே சொல்லுறன்.”

அவர் என் தோளைப் பிடித்து அமுக்கினார். “உனக்கு இன்னும் எத்தின மாசம் சேவை கிடக்கு?”

“எட்டு மாசம்.”

“அப்ப எட்டு மாசத்துக்கு வாயப் பொத்திக்கொண்டு இரு. பென்சன் கையில வரட்டும். போ, போய் அம்மாட தலமாட்டில இரு. விளக்கில எண்ணெய் குறையுது.”

அந்த எட்டு மாதமும் நேற்றோடு முடிந்தது, அண்ணே. அதற்கு மேல் ஒரு நாள்கூட வாயைப் பொத்திக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை, இதை என் பெயரிலேயே எழுதிவிட்டேன்.